இங்க நூல் நிக்காது, மக்ளே

கேள்வி:

அன்புள்ள அக்கா,

எனக்கு 33 வயது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். எட்டு வயதில் ஒரு மகள். போன ஐப்பசியில் என் அம்மா இறந்துவிட்டார். சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றார், விடியும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா நாற்பது வருஷம் ரேந்தை, அதாவது லேஸ், போட்டவர். உருண்டைத் தலையணை, அதன்மேல் ஓட்டை குத்திய தாள், நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள். எங்கள் வீட்டுப் படிப்புரை, அதுதான் முன்திண்ணை, என்றால் எனக்கு நினைவு வருவது இவைதான். ஏஜென்ட் வருவார், அளப்பார், எடுத்துக்கொண்டு போவார். அம்மா போட்ட ரேந்தையில் ஒரு முழம்கூட எங்கள் வீட்டில் இல்லை. என்னை அந்தத் தலையணையைத் தொட விட்டதே இல்லை. கிட்டே போனால், "இந்தச் சவம் எனக்க கையோட போவட்டும் மக்ளே, நீ போய்ப் படி" என்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரையப் பிடிக்கும். கிராஃப் தாளில் பூவும் கொடியும் வரைந்து வைப்பேன். அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார். "இங்க நூல் நிக்காது" என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். இப்போது இரண்டு தையல் கடைகளுக்கு ஜாக்கெட் டிசைன் வரைந்து கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். என் டிசைனில் வேலை செய்தால் நூல் தொங்காது, பிரியாது என்று சொல்லித் தேடி வருவார்கள்.

அம்மா போனதிலிருந்து ஒரு பூ வரையவில்லை. பென்சிலை எடுத்தாலே கை விறைத்துப் போகிறது. ஆலயத்தில் பெண்கள் ஐக்கியத்தார், முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு விரிப்புக்கு நான் ரேந்தை ஓரம் போட்டுத் தர வேண்டும் என்கிறார்கள். "அம்மைக்க கை ஒனக்கும் வரும்" என்று வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். அம்மா பாதியில் விட்ட ரேந்தை குண்டூசியோடு அப்படியே தலையணையில் இருக்கிறது. வெள்ளைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம், யாரும் தொடவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், அம்மாவின் பெட்டியைக் காலி செய் என்று அண்ணன் அவசரப்படுத்துகிறான். மகளோ பாட்டியின் தலையணை தனக்கு வேண்டும் என்கிறாள்.

அம்மா சொன்ன புத்திமதிகளை மகளுக்காக ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பதினோரு வரிதான் வந்தது. அதிலும் நாலு வரி மீனைப் பற்றியது. ஒரு ஆயுசுக்கு இவ்வளவுதானா அக்கா? தலையணையை எடுத்தால் அம்மாவின் சொல்லை மீறுகிறேன். எடுக்காவிட்டால் அம்மாவையே கைவிடுகிறேன். எதைச் செய்தாலும் தப்பாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், கல்குளம் வட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் குண்டூசியைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் கேட்ட மற்ற எல்லாமே காத்திருக்கும். அது காத்திருக்காது.

நம் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. இப்போது ஆடிச் சாரல், அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. ஒன்பது மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தலையணையில் குத்தியிருப்பது இரும்பு ஊசி என்றால் இந்நேரம் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். துரு வெள்ளை நூலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. வீட்டில் காந்தம் இருந்தால் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். மகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் காந்தம்கூடப் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அநேகமாகப் பித்தளை. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் அதுவும் நாள்பட்டால் பச்சைக் களிம்பு விடும்.

எனக்கு ரேந்தை போடத் தெரியாது. நாகர்கோவிலில் இருபத்தைந்து வருஷமாக ஆலோசனை அறை நடத்துகிறேன். அங்கே வந்து எதிரில் உட்கார்ந்த பெண்களில் பலர் ரேந்தையும் எம்பிராய்டரியும் செய்து குடும்பம் நடத்தியவர்கள். கை சும்மா இருந்தால் அவர்களுக்குப் பேச்சு வராது. அப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் நான் சொல்வதெல்லாம்.

அவர்கள் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கு இப்போது உதவும். பின்னலை ஊசி பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது கொஞ்ச தூரத்துக்குத்தான். பின்னல் முன்னே போகப் போக, பின்னால் இருக்கும் ஊசிகளை எடுத்து முன்னால் குத்துவார்கள். பின்னால் முடிந்த பகுதி ஊசி இல்லாமலே வடிவம் மாறாமல் நிற்கும். ஆகவே அம்மா முடித்த பகுதியில் ஊசியை எடுத்தால் எதுவும் கலையாது. கட்டைகள் தொங்கும் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, அதே ஓட்டையில் புதுப் பித்தளை ஊசியைக் குத்த வேண்டும்.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறார், ஏஜென்ட் இருக்கிறார், அண்ணன், மகள், ஐக்கியத்துப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மாவோடு சேர்ந்து ரேந்தை போட்ட ஒரு பெண்கூட இல்லை. நாற்பது வருஷம் தனியாகவா போட்டார்? நம் ஊரில் மத்தியானச் சோறு முடிந்ததும் ஒரு வீட்டுப் படிப்புரையில் நாலு பேர் கூடி உட்கார்ந்துதானே இந்த வேலை நடக்கும். அதில் ஒருவராவது இன்னும் இருப்பார். அவரைப் போய்க் கூப்பிடுங்கள். "அம்மைக்க தலையணையில ஊசி துருப்பிடிக்குது, ஒண்ணு வந்து பாருங்க மாமி" என்றால் வராமல் இருக்க மாட்டார். அவர் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியை அண்ணன் கேட்கிறார். கொடுத்துவிடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். "நான் என் வீட்டுக்குக் கொண்டுபோறேன், ஒரு வருஷம் அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்" என்று சொல்லி ஆட்டோ வைத்து எடுத்து வந்துவிடுங்கள். ஆணுக்கும் துக்கம் உண்டு, அதைப் பெயின்ட் டப்பாவாகத்தான் வெளியே எடுக்கத் தெரிகிறது. உள்ளே நூலோ துணியோ இருந்தால் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். கஞ்சி போட்ட துணி இருந்தால் அலசிக் கஞ்சியைப் போக்கிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் அவ்வப்போது மாற்றி மடித்து வைத்தால் போதும்.

சரி, இனி பெரிய கேள்வி.

"இந்தச் சவம் எனக்க கையோட போவட்டும்." இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நீங்கள் ஒன்பது மாதமாகச் சுமக்கிறீர்கள். இதைச் சொன்னபோது அம்மா எதைச் சவம் என்றார்? நூலையா, பூவையா? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஏஜென்ட் வருவார், அளப்பார், எடுத்துக்கொண்டு போவார். ஒரு முழம்கூட வீட்டில் இல்லை. கண் போகும், கழுத்தும் இடுப்பும் போகும். செய்தவள் பெயர் எந்த விரிப்பிலும் இருக்காது. இந்தக் கணக்கைப் பார்த்தவர் தன் மகளின் கையில் அந்தக் கட்டையைக் கொடுக்க மாட்டார்.

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1819-ல் மிஷனரிகளான மால்ட் தம்பதியர் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தையும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, ரேந்தை போட்டுச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். 1859-ல் அரசர் அறிவிப்பு வரும்வரை தோளைத் துணியால் மறைப்பதற்கே நம் பாட்டிமார் அடிபட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் கையில் அவளுடைய சொந்தக் காசு இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ரேந்தைதான் தலைமுறை தாண்டி உங்கள் வீட்டுப் படிப்புரைக்கு வந்தது. வரும்போது அது முழம் கணக்கில் கூலி கொடுக்கும் வேலையாகிவிட்டது. அன்றைக்கு ஒருத்தி ரேந்தை போட்டு வெளியே வந்தாள். உங்கள் அம்மா உங்களை ரேந்தையிலிருந்து வெளியே அனுப்பினார். இரண்டு பேரும் விரும்பியது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறீர்கள், கணக்கு எழுதுகிறீர்கள், யாரும் உங்கள் வேலையை முழம் போட்டு அளப்பதில்லை. அம்மா கேட்டது நடந்துவிட்டது தங்கச்சி. அந்தச் சொல்லை நீங்கள் ஏற்கெனவே காப்பாற்றிவிட்டீர்கள்.

இதை வைத்து, "அம்மாவுக்கு உள்ளூர நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசை" என்று நான் சொல்ல மாட்டேன். துக்க வீட்டுக்கு வருகிற பலர் இப்படிச் சொல்வார்கள், மேலே இருந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்பார்கள். அது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஒருவேளை அம்மா முழுமனதோடுதான் வேண்டாம் என்றிருக்கலாம். அப்படியே இருந்தாலும், அது பாவாடை சட்டை போட்ட பிள்ளையிடம் சொன்னது. கூலி வந்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் வைத்துச் சொன்னது. 33 வயதில், சொந்தச் சம்பளத்தில் நிற்கும் ஒரு பெண் தன் அம்மாவின் கருத்திலிருந்து ஒரு விஷயத்தில் விலகினால் அது அவமரியாதை ஆகாது. விலகாமல் இருந்தாலும் தப்பில்லை. தலையணையை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அம்மாவின் மேல் நீங்கள் வைத்த அன்புக்கு அது பரீட்சை இல்லை.

இனி நான் உங்கள் கடிதத்தில் நிறுத்திப் படித்த இடத்துக்கு வருகிறேன். நீங்களோ "அவ்வளவுதான்" என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

"இங்க நூல் நிக்காது."

அம்மா உங்களுக்கு ரேந்தை கற்றுத்தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு இது என்ன? தலையணையைத் தொட விடவில்லை, உண்மை. ஆனால் நீங்கள் வரைந்த தாளைக் கொண்டுபோய் நீட்டும்போதெல்லாம் வேலையை நிறுத்தியிருக்கிறார். முழத்துக்குக் கூலி வாங்குகிறவர், கட்டையைக் கீழே வைத்தால் காசு குறையும் என்று தெரிந்தவர், கண்ணாடியை இறக்கிவிட்டு உங்கள் பூவைப் பார்த்திருக்கிறார். அழகாக இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. எந்த இடத்தில் அறும் என்று சொல்லியிருக்கிறார். ரேந்தையில் எந்த இதழும் தனியாக அந்தரத்தில் நிற்க முடியாதாம். பக்கத்தில் இருக்கும் எதையாவது அது பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். அந்த ஒன்றைப் பார்க்கும் கண்ணைத்தான் அவர் உங்களுக்குக் கொடுத்தார். தையல் கடைக்காரர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நூல் தொங்காது, பிரியாது என்று. அந்த வார்த்தை யாருடையது?

இன்னொன்றும் இருக்கிறது. இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார் என்கிறீர்கள். பென்சிலை வாங்கித் தானே திருத்தவில்லை. இப்படித்தான் போடணும் என்று வரைந்து காட்டவும் இல்லை. பிள்ளையின் தப்பைக் கண்டுபிடித்த பிறகும் பென்சிலைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட்டுப் போவது எத்தனை கஷ்டம் என்று ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கும் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். எனக்கு அது வந்ததே இல்லை. என் மகனின் அறிவியல் படங்களில் பாதி என் கையெழுத்துத்தான்.

கை ஏன் விறைக்கிறது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் திறமை அம்மாவோடு போய்விட்டதோ என்று பயப்படுகிறீர்கள். போனது உங்கள் படத்தை முதலில் பார்க்கிறவர். சிறுவயது முதல் நீங்கள் வரைந்த ஒவ்வொரு பூவும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. கல்யாணமாகிப் போன பிறகும் கொண்டுவந்து காட்டியிருப்பீர்கள். இப்போது பென்சிலை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கிறது. போதாததற்கு ஊரே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, "அம்மைக்க கை" வந்துவிட்டதா என்று பார்க்க. பழகிய கை தன்னைத்தானே உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் தடுமாறும். படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசித்துப் பாருங்கள், விழப் பார்ப்பீர்கள்.

ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே, போனவரிடமிருந்து மனதைப் பிரித்து எடுப்பதுதான் துக்கம் ஆறுவது என்று நினைத்தார்கள். 1990-களில் அந்த எண்ணம் மாறியது. போனவரோடு இருக்கும் உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பானது, ஆரோக்கியமானது என்று இன்று சொல்கிறோம். நம் பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள், அது வேறு விஷயம். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைக்கும் போய்வந்துகொண்டு இருப்பாராம். ஒரு கரையில் இழப்பு, அழுகை, நினைவு. மறு கரையில் அரிசி வாங்குவது, வேலைக்குப் போவது, சிரிப்பது. இரண்டில் ஒன்றிலேயே தங்கிவிட்டால்தான் சிக்கல். நீங்கள் பகல் முழுவதும் கணக்கு நோட்டுக் கரையில் இருந்துவிட்டு, ராத்திரி பென்சிலை எடுத்ததும் மொத்தமாக மறு கரைக்குத் தூக்கி எறியப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்களுக்கு வரைதல்தான் அம்மாவோடு பேசும் பாஷை. ஆகவே கை விறைப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போதைக்கு நல்ல பூ வரைய முயலாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிஷம் போதும். நூல் நிற்கவே நிற்காத ஒரு டிசைனை வேண்டுமென்றே வரையுங்கள். அந்தரத்தில் தொங்கும் இதழ், எதையும் பிடிக்காத கொடி, இப்படிக் கோணல்மாணலாக. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, எந்த இடத்தில் நிற்காது என்று நீங்களே புள்ளி வையுங்கள். திருத்த வேண்டாம், தாளை மூடிவிடுங்கள். அம்மா செய்த வேலையை ஒரு நிமிஷம் நீங்கள் செய்து பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அழுகை வந்தால் வரட்டும். தையல் கடைக்காரர்களிடம் கார்த்திகை வரை முடியாது என்று சொல்லிவிடுங்கள். பழைய டிசைன்களை வைத்து அவர்கள் ஓட்டிக்கொள்வார்கள்.

என் அம்மை இறந்த மூன்றாம் மாதம் நான் அவளுடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கப் பார்த்தேன். ஒரு வாரம் தினமும். ஏன் தலைவலிக்கிறது என்று வேறு தேடிக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஆலோசனை சொல்கிறவள்!

அந்த நோட்டுக்கு வருவோம். பதினோரு வரி, அதில் நாலு மீன். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அந்த நாலு வரி என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நம் ஊர் அம்மைமார் புத்திமதியாக அதிகம் பேசியவர்கள் இல்லை. சாளைக்கு எவ்வளவு புளி, நெத்திலியை எப்படிக் கிள்ள வேண்டும், இதில்தான் வாய் திறப்பார்கள். நீங்கள் "அம்மா சொன்னது" என்று தலைப்புப் போட்டதால் பதினோரு வரியில் நின்றுவிட்டது. தலைப்பை "அம்மா செய்தது" என்று மாற்றிப் பாருங்கள். மீன் வெட்டும் நாளில் ரேந்தையை எப்போது போட்டார்? முதலில் ரேந்தையா, மீனா? கையில் கவிச்சி போக என்ன தேய்த்தார், புளியா, எலுமிச்சைத் தோலா? வெள்ளை நூலில் வியர்வை படாமல் என்ன செய்தார்? தப்பாகப் போட்ட வரியைப் பிரிக்கும்போது முகம் எப்படி இருந்தது, யாரையாவது திட்டினாரா, தனக்குள் பேசிக்கொண்டாரா? ஏஜென்ட் அளவில் குறைத்தால் என்ன பதில் சொன்னார்? கரண்ட் போன ராத்திரியில் என்ன செய்தார்? ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வரும்.

அதில் அம்மாவின் கோபத்தையும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. போனவர்களை நாம் வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுகிறோம், தலையணையை மூடியது போலவே. உங்களை ஒருமுறையாவது அநியாயமாகத் திட்டியிருப்பார். தாளை நீட்டும்போது "போ பிள்ளே, வேல கெடக்கு" என்று விரட்டிய நாளும் இருந்திருக்கும். அதுவும் நோட்டில் வரட்டும். உங்கள் மகளுக்குக் கோபப்படாத பாட்டியால் பெரிய பிரயோஜனம் இல்லை. அவளுக்கும் நாளைக்குக் கோபம் வரும், அப்போது துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் அந்த மாமி வேண்டும். மகளிடம் காட்டும் முகம் வேறு, கூட வேலை செய்பவளிடம் காட்டும் முகம் வேறு. அம்மாவுக்கு யார் கற்றுக்கொடுத்தது, எத்தனை வயதில், அம்மாவின் அம்மை போட்ட மாதிரியேதான் போட்டாரா, இல்லை எங்காவது மாற்றினாரா என்று கேளுங்கள். கட்டாயம் மாற்றியிருப்பார். உங்களைத் தொட விடாததைப் பற்றி அந்தப் படிப்புரையில் ஏதாவது பேசியிருப்பார், அதையும் கேளுங்கள். பிடிக்காத பதில் வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

ஆலயத்து விரிப்பு வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாள் குறித்து, ஊர் பார்க்க, அதுவரை தலையணையையே தொடாத ஒரு பெண் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு ஓரம் போட்டு முடிப்பது நடக்கிற காரியம் இல்லை. கட்டையைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது என்று அடிப்படை அசைவு இரண்டுதான். ஆனால் கை சமமாக இழுக்கப் பழகவே மாதக்கணக்காகும். அவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். நீங்களும் அன்போடு, "இந்த வருஷம் முடியாது, நினைவு நாளுக்குப் பூ நான் கொண்டுவாறேன்" என்று சொல்லிவிடுங்கள். தோவாளையில் பூவுக்கா பஞ்சம்? மறுபடி கேட்டால் மறுபடி அதையே சொல்லுங்கள், காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு சமாதானம் அவர்களிடம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இது என் தொழில். உங்கள் கடிதத்தில் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகளைக் கவனிக்கிறீர்கள், மீன் பற்றிச் சிரிக்கவும் செய்கிறீர்கள். அதனால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் ஒரு வருஷம் தாண்டிய பிறகும் அநேகமாகத் தினமும் ஏக்கம் அதே வேகத்தில் அடித்துப்போடுகிறது, வேலையும் சாப்பாடும் ஓடவில்லை, வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று படுகிறது என்றால் அதை மருத்துவத்தில் நீடித்த துக்கம் என்று தனியாகப் பார்க்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் உண்டு. தூக்கம் கெட்டாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ வருஷத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

மகள் தலையணை கேட்கிறாள். அதை உடனே கொடுக்கவும் வேண்டாம், அம்மா உங்களிடம் சொன்னது போல் போய்ப் படி என்று விரட்டவும் வேண்டாம். இன்றைக்கு அவள் ரேந்தை கற்றால் ஏஜென்ட் வரப்போவதில்லை. அவளுக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும். மாமி வரும் அன்று ஊசி எடுத்துக் கொடுக்கிற வேலையை அவளிடம் விடுங்கள். பழைய ஊசியை வாங்கி ஒரு டப்பாவில் போட வேண்டும், புது ஊசியை எடுத்து நீட்ட வேண்டும். எட்டு வயதுக்கு அது பெரிய பதவி. பாதி ரேந்தையை முடிப்பதா, அப்படியே சட்டம் போட்டு மாட்டுவதா, இன்னும் பத்து வருஷம் தலையணையிலேயே விடுவதா என்பதை அன்றைக்கு யாரும் பேச வேண்டாம். ஊசி மாற்றுங்கள், கட்டன் சாயா போடுங்கள், மாமியைப் பேச விடுங்கள். கண்ணாடி கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள். அம்மாவின் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், தலைவலிக்கும்.

அம்மா தொட்டுக் காட்டிய பழைய தாள்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளி நோட்டுக்குள்ளோ, பெட்டியின் அடியிலோ இருக்கலாம். ஒன்று கிடைத்தாலும் அதில் எந்த இடத்தில் நூல் நிற்காது என்றார், அதற்கு அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அப்படியே அந்த நாலு மீன் வரிகளையும்.

அன்புடன்,
அக்கா